வெளிநாட்டில் படித்துத் திரும்பும் பதின்வயதுப் பிள்ளை: வீட்டோடு மீண்டும் ஒன்றச் செய்ய பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது மாதக்கணக்கில் தயாராகிறோம். திரும்பி வரும்போது பெரும்பாலும் விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வருவதோடு நம் ஏற்பாடு முடிந்துவிடுகிறது. வீட்டுக்குத்தானே வருகிறாள், இதற்கு என்ன தயாரிப்பு என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டு பயணங்களில் திரும்பும் பயணமே கடினமாக இருந்தது என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. போகும்போது எல்லாம் புதிதாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார்கள். வரும்போது எல்லாம் பழையபடி இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறார்கள். அந்த எதிர்பார்ப்புதான் அவர்களைக் கீழே தள்ளுகிறது.

சமூகவியலாளர் ஆல்ஃபிரட் ஷூட்ஸ் 1945-இல், போரிலிருந்து ஊர் திரும்பும் வீரர்களை மனத்தில் வைத்து இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். போனவரும் மாறியிருக்கிறார், இருந்தவர்களும் மாறியிருக்கிறார்கள். ஆனால் ஒருவரையொருவர் முன்பு விட்ட இடத்திலேயே தேடுகிறார்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம். பதினாறு வயதில் இது இன்னும் கூர்மையாக இருக்கும். அந்த வயதில் ஓர் ஆண்டு என்பது மிக நீண்ட காலம். வெளிநாட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்திருந்தாலும் பிள்ளை மாறியிருப்பாள். நீங்கள் தினமும் பார்த்துக்கொண்டே இருந்திருப்பீர்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

ஆகவே இந்த வழிகாட்டி பழைய பிள்ளையை மீட்டெடுப்பதற்கானது இல்லை. வந்திருக்கும் பிள்ளையோடு புதிதாகப் பழகி, அவளுக்கு வீட்டில் ஓர் இடம் அமைத்துக் கொடுப்பதற்கானது. ஓராண்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் போய், அங்குள்ள ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்து வந்தவர்களுக்கும், சில ஆண்டுகள் விடுதிப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கும் இது பொருந்தும். காலம் நீளமாக இருந்திருந்தால் ஒவ்வொரு படிக்கும் கூடுதல் நேரம் கொடுங்கள்.

படி 1: வருவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்

நல்லபடியாக விடைபெறாமல் வந்த பிள்ளையின் மனம் அங்கேயே நின்றுவிடும். தேர்வு முடிந்த மறுநாளே விமானச்சீட்டு எடுக்காதீர்கள். முடிந்தால் சில நாட்கள் இடைவெளி விடுங்கள். நாடு விட்டு நாடு மாறி வளரும் பிள்ளைகளுக்காக நெடுங்காலம் பணியாற்றிய டேவிட் போலக், ஓர் இடத்தை விட்டுக் கிளம்புமுன் செய்ய வேண்டியவை என்று நான்கைச் சொன்னார்: மனக்கசப்புகளைத் தீர்ப்பது, உதவியவர்களுக்கு நன்றி சொல்வது, மனிதர்களிடமும் இடங்களிடமும் விடைபெறுவது, போகும் இடத்தைப் பற்றி உண்மையாக யோசிப்பது. தொலைபேசியில் பேசும்போது இந்த நான்கையும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். "யாரிடமாவது சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிறாயா? கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிட்டு வாயேன்" என்று நீங்கள் சொல்வது, பின்னால் பல மாதங்கள் மனத்தில் கிடந்து உறுத்தும் ஒன்றைத் தவிர்க்கும்.

நான்காவதுதான் உங்கள் கையில் இருப்பது. வீட்டில் நடந்த மாற்றங்களை ஒன்றுவிடாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாத்தாவின் உடல்நிலை, வளர்ப்பு நாயின் இறப்பு, அப்பாவின் வேலை மாற்றம், பெற்றோருக்கிடையே மனவருத்தம், எதுவாக இருந்தாலும் சரி. "படிப்புக் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை" என்ற காரணம் பெரியவர்களுக்கு நியாயமாகத் தெரியும். பிள்ளைக்கோ, தன்னை வீட்டு ஆளாகவே கருதவில்லை என்றுதான் படும். அதேபோல அவளது அறையைக் கேட்காமல் மாற்றாதீர்கள். தம்பி அந்த அறைக்கு வந்துவிட்டான் என்றால் அதையும் சொல்லி, அவளுக்கு எந்த மூலை என்பதை அவளோடு பேசி முடிவு செய்யுங்கள்.

காகித வேலையையும் இப்போதே முடியுங்கள். அங்கிருந்து வந்துவிட்ட பிறகு ஒரு முத்திரைக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியல், படித்த பாடங்களின் பாடத்திட்டம், வருகைச் சான்று, நடத்தைச் சான்று, தடுப்பூசிப் பதிவு, எடுத்துவரும் மருந்துகளின் சீட்டு, பல் கம்பி போன்ற தொடர் சிகிச்சை இருந்தால் அதன் விவரம் ஆகியவை கட்டாயம் வேண்டும். ஒரு நாட்டின் ஆவணங்களை இன்னொரு நாடு எளிதாக ஏற்பதற்கான 1961-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளும் இருந்தால், கல்விச் சான்றுகளுக்கு அந்த ஒப்பந்தப்படி தரப்படும் அப்போஸ்டில் என்ற சான்று முத்திரை பெற்றாலே போதுமா என்று சேரப்போகும் பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பும் கேட்கக்கூடும்.

படி 2: முதல் வாரத்தைக் காலியாக விடுங்கள்

உடல் முதலில் வந்து சேரட்டும். நேர மண்டலம் மாறினால், ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்ற கணக்கில்தான் உடலின் கடிகாரம் சரியாகும். கிழக்கு நோக்கிப் பறந்தவர்களுக்குப் பொதுவாக இன்னும் சிரமம். பதின்வயதில் தூக்கம் இயல்பாகவே இரவில் பின்தள்ளிப் போகும். அதோடு இதுவும் சேர்ந்தால் பிள்ளை பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பாள். இதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். 13 முதல் 18 வயதுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. பகல் வெளிச்சத்தில் வெளியே நடக்க வைப்பது, உள்ளூர் நேரப்படி சாப்பிட வைப்பது, பகல் தூக்கத்தைச் சிறிதாக்குவது ஆகியவை போதும்.

இந்த வாரத்தில் வரவேற்பு விழா வேண்டாம். உறவினர் வீடுகளுக்கு வரிசையாக அழைத்துப் போவதும் வேண்டாம். பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் "பத்து நாள் கழித்து வாங்க" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தப் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் போடாதீர்கள்.

பெட்டியைப் பிரிக்கச் சொல்லி அவசரப்படுத்துவதையும் தவிர்க்கலாம். சிலர் வாரக்கணக்கில் பெட்டியை அப்படியே வைத்திருப்பார்கள். அதைத் திறந்து எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கிவிட்டால், போய் வந்தது முடிந்துபோனது என்று ஆகிவிடும். அதற்கு அவர்கள் தயாராகும்வரை காத்திருங்கள்.

படி 3: கதையைக் கேட்க நேரம் ஒதுக்குங்கள்

திரும்பிய பிள்ளைகளின் முதல் வருத்தம் பெரும்பாலும் ஒன்றுதான்: யாரும் கேட்கவில்லை. "எப்படி இருந்தது?" என்று எல்லோரும் கேட்பார்கள். "நல்லா இருந்தது" என்றதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஓர் ஆண்டின் வாழ்க்கையை ஒரு சொல்லில் சுருக்கச் சொன்னால் யாராலும் முடியாது.

சின்னதாக, குறிப்பாகக் கேளுங்கள். காலையில் பள்ளிக்கு எப்படிப் போவாய்? வகுப்பில் உன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்? அந்த மொழியில் நீ முதன்முதலில் சிரித்த நகைச்சுவை எது? எந்த நாளில் வீட்டுக்கே ஓடிவந்துவிடலாம் என்று தோன்றியது? நீ தங்கியிருந்த வீட்டில் யாருக்கு முதலில் கோபம் வரும்? இப்படிக் கேட்டால் மனிதர்கள் வருவார்கள், இடங்கள் வரும். புகைப்படங்களை ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். வேகமாகத் தள்ளாமல், பின்னணியில் இருப்பவர் யார் என்று நிறுத்திக் கேளுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்தால் வாய் திறக்காத பிள்ளைகள், வண்டியில் போகும்போதும் பாத்திரம் கழுவும்போதும் கொட்டித் தீர்ப்பார்கள்.

கேட்பதோடு, உங்கள் கதையையும் சொல்லுங்கள். அவள் இல்லாத ஆண்டில் வீட்டில் என்ன நடந்தது, நீங்கள் எதற்குக் கவலைப்பட்டீர்கள், தங்கை எப்படித் தனியாக இருந்தாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரு வருடக் கதை பாக்கி இருக்கிறது. பேச்சு ஒருவழிப் பாதையாக இருந்தால், வீட்டில் இருந்த உடன்பிறப்புகள் சீக்கிரமே சலித்து விலகுவார்கள். அவர்களுக்குப் பொறாமையும் இருக்கலாம். அதை அடக்கச் சொல்லாமல், அவர்களோடு தனியாகவும் நேரம் செலவிடுங்கள்.

படி 4: சரிவு வரும் என்று தெரிந்து வைத்திருங்கள்

1955-இல் நார்வேயைச் சேர்ந்த சமூகவியலாளர் ஸ்வெரே லிஸ்கார்ட், அமெரிக்காவுக்குப் போய் வந்த தம் நாட்டவரை ஆராய்ந்து, அயல்நாட்டில் முதலில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு தேறுதல் என்ற வளைவைக் காட்டினார். 1963-இல் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் இருவரும் அதை நீட்டி, நாடு திரும்பியதும் அதே வளைவு இன்னொரு முறை நிகழ்கிறது என்றார்கள். எல்லோருக்கும் இது அச்சாகப் பொருந்தாது. பிந்தைய ஆய்வுகள் இந்த வளைவை நிறையக் கேள்வி கேட்டிருக்கின்றன. என்றாலும் பெற்றோருக்கு இதில் ஒரு பயன் உண்டு. முதல் இரண்டு வாரச் சிரிப்பைப் பார்த்து "நல்லபடியாக ஒன்றிவிட்டாள்" என்று முடிவு கட்டமாட்டீர்கள். மூன்றாவது வாரமோ மூன்றாவது மாதமோ கதவைச் சாத்திக்கொண்டு அழும்போது பதறவும் மாட்டீர்கள்.

சரிவு பல வேடங்களில் வரும். எதிலும் பிடிப்பில்லாமை, எரிச்சல், இரவெல்லாம் அங்குள்ள நண்பர்களோடு அரட்டை, எதற்கெடுத்தாலும் "அங்கெல்லாம் இப்படி இல்லை" என்ற ஒப்பீடு. இந்த ஒப்பீடுதான் வீட்டில் அதிகம் காயப்படுத்துவது. நம் வீட்டையும் ஊரையும் மட்டம்தட்டுகிறாள் என்று நமக்கு வலிக்கிறது. "அவ்வளவு பிடிச்சிருந்தா அங்கேயே இருந்திருக்க வேண்டியதுதானே" என்ற பதில் நாக்கின் நுனிவரை வரும். அதை விழுங்கிவிடுங்கள். ஒருமுறை அதைச் சொல்லிவிட்டால் பிள்ளை அதற்குப் பிறகு மனத்தில் இருப்பதைச் சொல்லமாட்டாள். அந்த ஒப்பீட்டுக்குள் பெரும்பாலும் ஏக்கம் இருக்கிறது. "அதை ரொம்பத் தேடுற போல இருக்கே" என்று சொல்லிப் பாருங்கள். வாதம் அங்கேயே அடங்கி, பேச்சு வேறு திசைக்குப் போகும்.

இது துக்கம் என்று ஏற்றுக்கொள்வது முக்கியம். அங்கே அவளுக்கு ஒரு குடும்பம் இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள், ஒருவேளை காதலும் இருந்திருக்கலாம். எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. யாரும் இறக்கவில்லை என்பதால் யாரும் ஆறுதல் சொல்வதில்லை. பிறர் துக்கமாகவே கருதாத இழப்புகளைப் பற்றி 1989-இல் எழுதிய கென்னத் டோகா, வெளியே சொல்ல முடியாத அந்தத் துயரம் கூடுதல் சுமையாகிறது என்றார். வீடு திரும்பிய பிள்ளைக்கு அது நன்றாகவே பொருந்தும். "நீதான் வீட்டுக்கு வந்துட்டியே, எதுக்கு அழுற?" என்று கேட்பது அந்தச் சுமையைக் கூட்டும். அங்கே நன்றாக ஒன்றி வாழ்ந்த பிள்ளைக்குத்தான் திரும்புவது பெரும்பாடாக இருப்பதுண்டு. அவள் அழுகையை உங்கள் வளர்ப்பின் மீதான குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

படி 5: வீட்டு விதிகளைப் புதிதாகப் பேசுங்கள்

என் பார்வையில், எல்லாப் படிகளிலும் இதுதான் தீர்மானமானது. பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

தெரியாத நகரத்தில் தனியாகப் பேருந்து மாறிப் போய், தன் துணியைத் தானே துவைத்து, மாதப் பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழித்து, காய்ச்சல் வந்தபோது அந்நிய மொழியில் மருத்துவரிடம் பேசிய பிள்ளை அவள். வீட்டுக்கு வந்ததும் "எங்கே போற? யாரோட போற? எட்டு மணிக்குள்ள வந்துடு" என்ற கேள்விகள் காத்திருக்கின்றன. பெற்றோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. தூரத்தில் இருந்தபோது தெரியாததால் தூங்கினோம். இப்போது கண்ணெதிரே இருக்கும்போது பயம் வருகிறது. ஆனால் சம்பாதித்த பொறுப்பைப் பறித்தால், அவள் கற்றதெல்லாம் வீட்டில் செல்லாது என்று நீங்களே அறிவித்ததாகும்.

வந்த இரண்டாவது வாரத்துக்குள், சண்டை எதுவும் இல்லாத ஒரு நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். முதலில் அவளைக் கேளுங்கள்: அங்கே எதையெல்லாம் நீயே முடிவு செய்தாய்? அந்தப் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். தூங்கும் நேரம், படிக்கும் நேரம், கைச்செலவு, தனியாக வெளியே போவது, உடை, நண்பர்களைப் பார்ப்பது, கைபேசி என்று அது நீளும். அதில் எவற்றை அப்படியே அவளிடம் விட்டுவிடலாம் என்று பாருங்கள். நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே இருக்கும். எவற்றைப் பேசி முடிவு செய்வது, எவற்றில் உங்கள் சொல்தான் இறுதி என்பதைப் பிறகு பிரித்துக்கொள்ளுங்கள். இறுதிச் சொல் உங்களுடையது என்னும் விஷயங்களுக்கு, காரணத்தையும் சொல்லுங்கள். "அந்த ஊரில் இரவுப் பேருந்து பாதுகாப்பானது, இங்கே அந்த வழித்தடம் அப்படி இல்லை" என்றால் அவளால் ஏற்க முடியும். "நம் வீட்டில் இப்படித்தான்" என்பதை ஏற்க முடியாது.

உரிமையோடு கடமையும் சேர்ந்தே வரட்டும். அங்கே தன் துணியைத் துவைத்தவள் இங்கும் துவைக்கலாம். திரும்பி வந்த பாசத்தில் தட்டைக்கூட எடுக்கவிடாமல் தாங்கும் அம்மாக்கள் உண்டு. அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் அது பிள்ளையை மறுபடியும் சின்னவளாக்கும். அங்கே பழகிய நல்ல பழக்கம் ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். குடும்பம் முழுவதும் சேர்ந்து ஒரு வேளை உண்பதோ, ஞாயிற்றுக்கிழமை நடைப்பயிற்சியோ, எதுவாகவும் இருக்கட்டும். வீடு தனக்காகச் சிறிது நகர்ந்து இடம் கொடுத்தது என்று பிள்ளை உணர்வாள்.

நம்பிக்கை, அரசியல், உணவுப் பழக்கம், உடை ஆகியவற்றில் கருத்து மாறி வந்திருக்கலாம். ஆறு மாதத்தில் அதில் எது தங்கும், எது கரையும் என்று அவளுக்கே தெரியாது. முதல் நாளே எதிர்த்தால், கரையவேண்டியதும் பிடிவாதமாகத் தங்கிவிடும். என்ன படித்தாய், யார் சொல்லி யோசித்தாய் என்று ஆர்வத்தோடு கேளுங்கள். உங்களுக்கு உடன்பாடில்லை என்பதையும் மறைக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தை மாதம் ஒருமுறை மறுபரிசீலனை செய்யுங்கள். நன்றாகப் போனால் கயிற்றை இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள்.

படி 6: பள்ளியும் நண்பர்களும்

பள்ளி தொடங்குமுன் வகுப்பாசிரியரையோ ஆலோசகரையோ பாருங்கள். எந்த வகுப்பில் சேர்ப்பார்கள், அங்கே படித்த பாடங்களை ஏற்பார்களா, விடுபட்ட பாடங்கள் எவை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டு பின்தங்க நேர்ந்தால் பிள்ளையோடு வெளிப்படையாகப் பேசுங்கள். தன் பழைய வகுப்புத் தோழர்கள் ஒரு வகுப்பு மேலே இருப்பது அவளுக்குப் பெரிய விஷயம். கணிதம், தாய்மொழி ஆகியவற்றில்தான் இடைவெளி அதிகம் தெரியும். தாய்மொழியில் எழுதும்போது சொல் சட்டென வராமல் தடுமாறுவது இயல்பு. அது மறதி இல்லை, புழங்காததால் வந்த தயக்கம். பேசிப் படித்தால் திரும்பிவிடும். கேலி செய்தால் மட்டும் தாமதமாகும்.

பழைய நண்பர்கள் குழு இப்போது வேறு உருவில் இருக்கும். புதியவர் ஒருவர் அவள் இடத்தில் இருக்கலாம். அவள் பேசத் தொடங்கினால் "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா" என்று சலித்துக்கொள்ளலாம். கதையை எல்லோரிடமும் சொல்லவேண்டாம், கேட்க விரும்பும் ஓரிருவரிடம் சொன்னால் போதும் என்று பக்குவமாகச் சொல்லலாம். நண்பர்களின் ஓராண்டைப் பற்றி அவள் முதலில் கேட்டால், அவர்களும் இவளைக் கேட்பார்கள். இன்னொரு நல்ல வழி, போய் வந்த மற்றவர்களோடு சேர்வது. 1947 முதல் பள்ளி மாணவர்களைப் பரிமாறிவரும் ஏஎஃப்எஸ் போன்ற அமைப்புகள் திரும்பியவர்களுக்கான கூட்டங்களை நடத்துகின்றன. ரோட்டரி சங்கத்தின் பரிமாற்றத் திட்டத்தில் போய் வந்தவர்கள் பல இடங்களில் ரோடெக்ஸ் என்ற குழுவாக இயங்குகிறார்கள். விளக்கம் சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஒருவர் கிடைப்பது பெரிய ஆறுதல்.

படி 7: கொண்டுவந்ததைப் பாதுகாக்க உதவுங்கள்

பயன்படுத்தாத மொழி வேகமாக மங்கும். வாரம் ஒருமுறை அந்த மொழியில் பேச ஒருவர், படிக்க ஒரு புத்தகம், முடிந்தால் ஓர் அங்கீகரிக்கப்பட்ட மொழித்தேர்வு. தேர்வை மொழி கூர்மையாக இருக்கும் முதல் சில மாதங்களிலேயே எழுதிவிடுவது நல்லது. அங்குள்ள குடும்பத்தோடு தொடர்பைப் பேணட்டும். நீங்களும் ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள். அந்தக் குடும்பத்தைப் போட்டியாகப் பார்க்காமல் உறவாக ஏற்றீர்கள் என்றால் பிள்ளைக்கு இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யும் சங்கடம் இருக்காது. தினசரி மணிக்கணக்கான அழைப்பு மட்டும் இங்கே வேர்விடுவதைத் தடுக்கும். அழைப்புக்கு வாரத்தில் சில நாட்கள் என்று அவளே வரையறுத்துக்கொள்ளட்டும்.

படி 8: பயணம் நன்றாக அமையாதபோது

திட்டமிட்டதற்கு முன்பே திரும்பிய பிள்ளைகள் வேறு விதமான பாரத்தோடு வருகிறார்கள். தோற்றுவிட்டோம், வீட்டுப் பணத்தை வீணாக்கிவிட்டோம் என்ற குற்றவுணர்வு அது. செலவைப் பற்றி அவர்கள் முன்னால் பேசாதீர்கள். ஏன் பாதியில் வந்தாய் என்று கேட்கும் உறவினர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து முன்பே முடிவு செய்து, எல்லோரும் அதையே சொல்லுங்கள். "சில காரணங்களால் முன்னாடியே வரவேண்டியதாச்சு" என்ற ஒற்றை வரி போதும்.

காலம் முடித்து வந்தாலும் அங்கே கேலிக்கோ, நிறவெறிக்கோ, பாலியல் தொல்லைக்கோ ஆளாகியிருக்கலாம். பெரும்பாலும் உடனே சொல்லமாட்டார்கள். அந்த ஊரைப் பற்றியோ ஒரு குறிப்பிட்ட மனிதரைப் பற்றியோ பேச்சு வந்தால் விலகுவது, கெட்ட கனவுகள், தொட்டால் திடுக்கிடுவது போன்றவற்றைக் கவனியுங்கள். சொன்னால் நம்புங்கள். "அப்பவே ஏன் சொல்லலை?" என்ற கேள்வி வேண்டாம். முதலில் பாதுகாப்பு, பிறகு மனநல உதவி. திட்டத்தை நடத்திய அமைப்புக்கும் காவல்துறைக்கும் புகார் செய்வது பற்றிய முடிவில் பிள்ளையின் குரலும் இருக்கவேண்டும்.

படி 9: எப்போது மருத்துவரை நாடவேண்டும்

ஏக்கம் அலையாக வரும். நடுநடுவே சிரிப்பும் பசியும் ஆர்வமும் எட்டிப் பார்க்கும். அப்படி எட்டிப் பார்க்காமல், பெரும்பாலான நாட்களில் சோர்வோ எரிச்சலோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பிடித்தவற்றில்கூட நாட்டம் போனால், தூக்கமும் உணவும் வெகுவாக மாறினால், பள்ளிக்குப் போக மறுத்தால், மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ அழைத்துச் செல்லுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும், "நான் இல்லாட்டி நல்லது" என்ற பேச்சும் இரண்டு வாரம் காத்திருக்கும் விஷயங்கள் அல்ல. அன்றே உதவி தேடுங்கள், தனியாக விடாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. கேட்டால் பேச வழி பிறக்கும்.

அதற்கு அப்புறம்

எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு ஒரே விடை இல்லை. சிலர் சில வாரங்களில் தேறுகிறார்கள். பலருக்குப் பள்ளியாண்டு ஒன்று முழுதாகச் சுற்றிவர வேண்டியிருக்கிறது. இதற்கிடையே "மேற்படிப்புக்கு மறுபடியும் அங்கேயே போகிறேன்" என்ற பேச்சு கட்டாயம் எழும். வந்த முதல் சில மாதங்களில் எழும் அந்த ஆசையில் ஏக்கம் எவ்வளவு, விருப்பம் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அதனால் அப்போது சம்மதமும் சொல்லாதீர்கள், மறுப்பும் சொல்லாதீர்கள். விண்ணப்பத் தேதிகள், கட்டணம், உதவித்தொகை, படிக்கப்போகும் பாடம் ஆகியவற்றைத் தேடி ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அதே தாளை எடுத்து அவளோடு உட்காருங்கள். அப்போதும் அவள் அதே பாடத்தைப் பற்றி அதே ஆர்வத்தோடு பேசினால், பணத்தைப் பற்றியும் தேதிகளைப் பற்றியும் உண்மையான கணக்கைத் தொடங்கலாம்.